ரொட்டி இல்லாத அடுக்களையில் ஜாம்

ஏழாம் அத்தியாயம்

வாருங்கள் கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். கால் மரத்துப்போனால் நீட்டிக்கொள்ளுங்கள், நான் ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டேன். இன்றைக்கு உங்களுக்கென்று ஒரு கதை வைத்திருக்கிறேன். அதில் கொலை கிடையாது, கத்தி கிடையாது, மாடியிலிருந்து யாரையும் தள்ளிவிட மாட்டார்கள். ஆனால் நாறும். மூக்கைப் பிடித்துக்கொண்டாவது கடைசிவரை இருங்கள். முதல் ஆறு அத்தியாயங்களைப் படிக்காதவர்கள் பயப்பட வேண்டாம். அவற்றில் துப்பறிந்ததைவிட நாத்தனார் தின்றதுதான் அதிகம்.

நாத்தனார் என்றதும் கேட்பீர்கள், யார் என்று. துப்பறிகிறவளுக்கு எல்லாரும் வைத்த பேர் ஊசிக்கண். அவள் கண்ணுக்குத் தப்பியது எதுவும் கிடையாது, கட்டின புருஷனின் சோம்பேறித்தனம் உட்பட. அந்தப் புருஷனின் தங்கைதான் அவளுக்கு உதவியாள். அவள் பேர் சில்லறை. வாயைத் திறந்தால் உண்டியலை உடைத்த மாதிரி கொட்டும். அண்ணியும் நாத்தனாரும் ஒரே அறையில் சண்டை போடாமல் வேலை பார்க்கிறார்கள் என்பதே உலகத்தில் யாரும் துப்புத் துலக்காத மர்மம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஊசிக்கண்ணுக்குக் கண் எவ்வளவு கூர்மையோ, மூக்கு அவ்வளவு மொட்டை. முன்பொரு காய்ச்சலில் போன வாசனை திரும்பி வரவே இல்லை. மல்லிகையும் மண்ணெண்ணெயும் அவளுக்கு ஒன்றுதான். மோப்பம் பிடிக்கிற வேலை முழுக்கச் சில்லறையுடையது.

இப்படிப்பட்ட இருவரையும்தான், ஒரு மத்தியான வேளையில், குழந்தைகளுக்கான சிறுநீரக ஆராய்ச்சி மருத்துவமனையின் தலைமை டாக்டர் கூப்பிட்டு அனுப்பியிருந்தார்.

அவர் அறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். மூலையில் ஒரு வாசனைக் கருவி. ‘புஸ்’ என்று கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை ரோஜாவைத் துப்பும். சுவரில் பெரிய படம் ஒன்று. நடுவில் டாக்டர் கைகூப்பிச் சிரிக்கிறார், சுற்றிலும் நோயாளிக் குழந்தைகளும் தாய்மார்களும். கீழே பொன்னெழுத்தில், ‘இனி நாம் எல்லோரும் ஒரே குடும்பம்.’ குடும்பத்தின் மற்ற உறுப்பினர்கள் அந்த அறைக்குள் வர அனுமதி இல்லை என்று கதவில் சின்ன எழுத்தில் போட்டிருந்தது.

“உட்காருங்க மேடம். விஷயம் ரொம்ப ரகசியம்,” என்றார் டாக்டர்.

“கவலைப்படாதீங்க சார், எங்க அண்ணிகிட்ட சொன்னா கிணத்துல போட்ட கல்லு,” என்றாள் சில்லறை. “என்கிட்ட சொன்னாதான் கோயில் மணி.”

டாக்டர் அவளைப் பார்க்காத மாதிரி விளக்கினார். பிறவியிலேயே வரும் ஒரு நோய். அதன் பேரை எழுதினால் இந்தப் பக்கம் போதாது, விட்டுவிடுவோம். உடம்பு என்கிற புத்தகத்தில் ஒரே ஒரு எழுத்து பிசகினால் வருவது. லட்சத்தில் ஒரு குழந்தைக்கு வரும். உடம்பின் அணுக்களுக்குள் கண்ணுக்குத் தெரியாத படிகங்கள் சேரும். சிறுநீரகம் ஓட்டைச் சல்லடையாகி உப்பு, தண்ணீர், சத்து எல்லாவற்றையும் ஒழுகவிடும். பிள்ளை வளராது. குடம் குடமாகத் தண்ணீர் குடிக்கும், உப்பை அள்ளி நக்கும். கடைசியில் சிறுநீரகம் கையை விரித்துவிடும். அதற்கு இதுவரை மருந்தே கிடையாது. இப்போது இவர்கள் ஒன்று கண்டுபிடித்திருக்கிறார்கள்.

“பாதிப் பிள்ளைங்களுக்கு மருந்து கேப்சூல், பாதிப் பேருக்கு மாவு கேப்சூல். பாக்க ரெண்டும் ஒண்ணு. யாருக்கு எதுன்னு எனக்கே தெரியாது. பெத்தவங்களுக்கும் தெரியாது. மருந்தறையில இருக்கிற அம்மாவுக்கு மட்டும்தான் தெரியும். அதுதான் விதி.”

“சரி. இப்ப என்ன பிரச்சனை?” என்றாள் ஊசிக்கண்.

டாக்டர் நெற்றியைத் துடைத்தார். “எல்லாப் பிள்ளைங்களுமே தேறிட்டாங்க. அப்ப மாவு சாப்பிட்டவங்களும்தான்.”

“அட!” என்றாள் சில்லறை. “அப்ப ஆராய்ச்சியை மூடிட்டு ஒரு மாவு மில்லு தொறந்துடுங்க. செலவு கம்மி.”

“ஆராய்ச்சியை மேற்பார்வை பாக்கிற கமிட்டிக்காரங்களும் கிட்டத்தட்ட அதைத்தான் சொல்றாங்க. ரெண்டு கூட்டமும் ஒரே மாதிரி இருந்தா மருந்தால பிரயோசனம் இல்லைன்னு அர்த்தம். நாளைக்குக் காலையில கூட்டம். ஆராய்ச்சியை நிறுத்திடுவாங்க. மருந்தும் நின்னுடும். எனக்கு யார் மேல சந்தேகம்னா, அந்த மருந்தறையம்மா மேலதான். பாட்டிலை மாத்திக் குடுத்திருக்கா. இன்னிக்குக் காலையிலேயே அவ சாவியை வாங்கிட்டேன். நீங்க அவ வாயால அதை வரவழைச்சாப் போதும்.”

“முடிவை நீங்களே எழுதிட்டீங்க. நான் கையெழுத்துப் போடத்தான் வந்தேனா?” என்று ஊசிக்கண் எழுந்தாள். “பிள்ளைங்களைப் பாத்தீங்களா சார்?”

“தினமும் அவங்க ரிப்போர்ட்டைப் பாக்கிறேன்.”

“பிள்ளைங்களை?”

‘புஸ்’ என்றது மூலையிலிருந்த ரோஜா. டாக்டர் பதில் சொன்னதாக நினைத்துக்கொண்டு இருவரும் வெளியே வந்தார்கள்.

காத்திருப்புக் கூடத்தில் பெஞ்சுகள் வரிசையாக இருந்தன. பிள்ளைகள் வயதுக்கு ஏற்ற உயரம் இல்லை, ஆனால் சத்தம் வயதை மீறி இருந்தது. எல்லார் கையிலும் தண்ணீர் பாட்டில்.

கூடத்துக்குள் கால் வைத்ததும் சில்லறை முந்தானையை மூக்கில் வைத்தாள். “ஐயோ அண்ணி! யாரோ அழுகின கூமுட்டையை உடைச்சு வச்சிருக்காங்க.”

“எங்க?”

சில்லறை சுற்றிச் சுற்றி நடந்தாள். குனிந்தாள், நிமிர்ந்தாள், வரிசையாக ஒவ்வொரு பிள்ளையின் உச்சந்தலைக்கு மேலும் மூக்கை நீட்டித் திரும்பி வந்தாள். “அங்க இங்கன்னு இல்ல. எல்லாப் பிள்ளைங்க மேலயும். வாயில, வேர்வையில. ஒண்ணு விடாம. பாவம், யாரும் குளிக்க வைக்கலையா?”

“இந்தக் கேள்வியைச் சத்தமா கேட்டா, தாய்மார் உன்னைக் குளிப்பாட்டிடுவாங்க,” என்றாள் ஊசிக்கண். மூக்கு இல்லாத அவள் கண் வேறு வேலை பார்த்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு பிள்ளையின் சட்டைப் பொத்தானிலும் ஒரு துண்டு நூல் முடிந்திருந்தது. ஒருவனுக்குப் பச்சை, இன்னொருத்திக்கு மஞ்சள். நிறம் ஒன்றுகூடத் திரும்ப வரவில்லை.

பெஞ்சின் ஓரத்தில் ஒரு சிறுமி உள்ளங்கையில் எதையோ வைத்து நக்கிக்கொண்டிருந்தாள். அவள் பொத்தானில் சிவப்பு நூல்.

“என்னடி கண்ணு சாப்பிடுற? சர்க்கரையா?” என்றாள் சில்லறை.

“உப்பு. என் பேரும் உப்புதான். இங்க எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவாங்க. வேணுமா?”

“எங்க வீட்ல நான்தான் உப்பு. எங்க அண்ணி மிளகாய்.”

பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கிழிந்த பாவாடைக்கு விளிம்பு அடித்துக்கொண்டிருந்த பெண் தலை நிமிர்ந்தாள். பிள்ளையின் அம்மா. தொழில் தையல். அது அவள் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்றில்லை, ஊசியை உதட்டில் வைத்துக்கொண்டே பேசினாள்.

“யாருங்க நீங்க? புது டாக்டரா?”

“இல்லம்மா. இந்த நூல் எதுக்கு, அழகா இருக்கே?” என்று ஊசிக்கண் கேட்டாள்.

தையல்காரியின் கை நின்றது. “பிள்ளைங்க தண்ணி பாட்டில் மாறிப்போகாம இருக்க. அடையாளத்துக்கு.”

நல்ல பதில். ஆனால் தண்ணீர் பாட்டில் எதிலும் நூல் இல்லை. ஊசிக்கண் அதைப் பார்த்தாள், சொல்லவில்லை. நாம் கண்டுபிடித்ததை எல்லாம் உடனே சொல்லிவிட்டால் அத்தியாயம் எப்படி ஓடும்?

மருந்தறை பூட்டிக் கிடந்தது. அதற்கு வெளியே ஒரு நாற்காலியில் மருந்தறையம்மா நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். பறித்த சாவிக்காகக் காத்திருக்கிற உட்காரல்.

“பாட்டிலை மாத்துனீங்களா?” என்று நேராகவே கேட்டாள் ஊசிக்கண்.

“மாத்தலை. மாத்தணும்னு பல நாள் கை துடிச்சிருக்கு. மாத்தலை. உள்ள இருக்கிற மருந்தை எண்ணிப் பாக்கச் சொல்லுங்க. எவ்வளவு வெளிய போகணுமோ அவ்வளவுதான் போயிருக்கு. ஒரு கேப்சூல் கூடவும் இல்ல, குறையவும் இல்ல.”

“பிள்ளைங்க மேல ஒரு நாத்தம் வருதே, அது நோயா?”

மருந்தறையம்மா முதல் தடவையாகத் திரும்பிப் பார்த்தாள். “மருந்து. அது வயித்துல இறங்கினா மூச்சுலயும் வேர்வையிலயும் கூமுட்டை வாடை வரும். கேப்சூல் வெளிய லேசா நாறும்னு மாவு பாட்டில்லயும் அதே வாசனை தெளிச்சு வச்சோம், யாரும் கண்டுபிடிக்கக் கூடாதுன்னு. ஆனா பாட்டில்ல தெளிக்கலாம். மாவு தின்ன பிள்ளையோட வேர்வையில எப்படித் தெளிக்கிறது?”

“அப்ப மாவு சாப்பிடுற பிள்ளை நாறக் கூடாது.”

“கூடாது.”

“எல்லாரும் நாறுறாங்களே!” என்றாள் சில்லறை.

“அதைத்தான் பெரிய டாக்டர்கிட்ட போய்ச் சொன்னேன். ‘நல்லதுதானே, எல்லாரும் ஒரே மாதிரி நாறினா ரகசியம் காப்பாத்தப்பட்டிருக்கு’ன்னு சந்தோஷப்பட்டார். ரத்தத்துல மருந்து இருக்கான்னு பாருங்கன்னேன். அது திட்டத்துல இல்லையாம். வாசனை எல்லாம் விஞ்ஞானம் ஆகாதுன்னுட்டார்.”

“மூக்கு இருக்கிறவங்க எல்லாருக்கும் அதனால பிரயோசனம் இருக்குன்னு சொல்ல முடியாது,” என்று சில்லறை அண்ணியைப் பார்த்தாள். “இல்லாதவங்களே மேல்.”

ஊசிக்கண் சுவரில் சாய்ந்து நின்றாள். வெளியே போன மருந்து சரியான அளவு. ஆனால் எல்லாப் பிள்ளைகளும் மருந்து வாடை அடிக்கிறார்கள். பாதிப் பேருக்குக் கொடுத்தது எல்லாருக்கும் எப்படிப் போகும்? இந்தக் கதவைத் தாண்டிய பிறகுதான் ஏதோ நடக்கிறது.

“இந்தத் தாய்மார் எல்லாரும் எங்க தங்குறாங்க?”

“எதிர்த்த விடுதியில. வெளியூர்க்காரங்கதானே எல்லாரும். ஆளுக்கொரு அறை, அடுக்களை மட்டும் பொது.”

“அடுக்களையா!” என்றாள் சில்லறை. “அண்ணி, எனக்கு இப்பத்தான் இந்தக் கேஸ்ல ஆர்வம் வருது.”

விடுதி அடுக்களை துடைத்து வைத்த மாதிரி இருந்தது. இரண்டு அடுப்பு, ஒரு நீள மேசை, கவிழ்த்து வைத்த தட்டுகள். தாய்மார் யாரும் இல்லை. சில்லறை அலமாரியை ஒவ்வொன்றாகத் திறந்தாள். துப்புத் தேடுகிறாள் என்று நம்புகிறவர்கள் நம்பலாம்.

“ஜாம்!” என்று ஒரு பெரிய பாட்டிலைத் தூக்கிக் காட்டினாள். “அண்ணி, என் உசிரே, இவ்வளவு பெரிய பாட்டில் நான் பாத்ததே இல்ல. ரொட்டி எங்க இருக்கு பாருங்க.”

ஊசிக்கண் பார்த்தாள். அலமாரியில் இல்லை, மேசையில் இல்லை, குப்பைத் தொட்டியில் ஒரு ரொட்டிக் காகிதம்கூட இல்லை. “ரொட்டி இல்ல.”

“பிஸ்கட்?”

“அதுவும் இல்ல.”

“இதென்ன அநியாயம்! ரொட்டி இல்லாத அடுக்களையில எதுக்கு ஜாம்? குதிரை இல்லாத வீட்ல சேணம் மாதிரி.”

“அதைத்தான் நானும் யோசிக்கிறேன்,” என்ற ஊசிக்கண் பாட்டிலுக்குப் பின்னால் கையை விட்டாள். ஒரு டம்ளர் நிறைய ஸ்பூன்கள். சின்னது, நடுத்தரம், பெரியது. ஒவ்வொன்றின் கழுத்திலும் ஒரு நூல். பச்சை, மஞ்சள், நீலம். சிவப்பும் இருந்தது.

தண்ணீர் பாட்டிலுக்கு இல்லாத நூல் இங்கே இருந்தது. ஊசிக்கண்ணில் நூல் தானாக வந்து நுழைந்தது என்று நான் சொன்னால், கதைக்காகச் சொல்கிறேன் என்பீர்கள். அவள் ஒவ்வொரு ஸ்பூனாக எடுத்து மேசையில் அடுக்கினாள். சின்னப் பிள்ளைக்குச் சின்ன ஸ்பூன், பெரிய பிள்ளைக்குப் பெரிய ஸ்பூன்.

“சில்லறை, ஜாமை ஒரு பேப்பர்ல கொஞ்சம் எடு. மருந்தறையம்மாகிட்ட...” என்று திரும்பியவள் நிறுத்தினாள்.

சில்லறையின் வாயில் ஸ்பூன் இருந்தது. பெரிய ஸ்பூன்.

“என்னடி பண்ற?”

“ஆதாரத்தை ருசி பாத்தேன். கொஞ்சம் கசக்குது. ஆப்பிள் சரியில்ல.”

“துப்புவியா மாட்டியா?”

“முழுங்கிட்டேன் அண்ணி. நம்ம குடும்பத்துல யாரும் வாயில போட்டதைத் துப்பினதா சரித்திரம் இல்ல.”

ஊசிக்கண் தலையில் அடித்துக்கொண்டு, ஜாம் சுற்றின காகிதத்தைப் பையில் போட்டாள். இனி யாராவது இதைச் சோதித்துச் சொல்ல வேண்டும். மருந்தறை பூட்டியிருக்கிறது. ஆய்வகத்தில் கொடுத்துக் கெஞ்சிப் பார்த்தார்கள். சோதிக்கலாம், ஆனால் தலைமை டாக்டர் கையெழுத்து வேண்டும், அதற்கு முன் துணை டாக்டர் கையெழுத்து வேண்டும், அவர் விடுப்பில் இருக்கிறார் என்றார்கள். விடிந்தால் கமிட்டி. துணை டாக்டர் விடுப்பிலிருந்து வருவதற்குள் உப்பு என்கிற பிள்ளையின் மருந்து நின்றுபோய் அவள் சிறுநீரகம் கணக்கை முடித்துக்கொள்ளும்.

வெறுங்கையோடு மேலே போக லிஃப்டில் ஏறினார்கள். லிஃப்ட் நிறைய வெள்ளைக்கோட்டு. முதல் மாடியில் கதவு திறந்ததும் அத்தனை பேரும் அவசரமாக இறங்கினார்கள். ஒருவர் மூக்கைப் பிடித்தபடி இறங்கினார். இன்னொருவர் இறங்கிவிட்டுத் திரும்பிப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

“என்ன எல்லாரும் ஒரே மாடியில?” என்றாள் ஊசிக்கண்.

“யாரோ என்னவோ பண்ணிட்டாங்க அண்ணி. படிச்சவங்களா இவங்க? ச்சீ, குடலைப் பிடுங்குது,” என்று சில்லறை முந்தானையை மூக்கில் வைத்தாள். லிஃப்ட் மேலே போனது. உள்ளே அவர்கள் இருவர்தான். நாற்றமும் கூடவே வந்தது.

மருந்தறை வாசலில் நாற்காலியில் இருந்த அம்மா மூக்கைச் சுளித்தாள். எழுந்தாள். சில்லறையின் முகத்துக்கு நேராக வந்து முகர்ந்தாள்.

“நீங்க என்ன சாப்பிட்டீங்க?”

சில்லறை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.  பிறகு வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரே வார்த்தையில், “ஜாம்,” என்றாள்.

ஆய்வகம் தேவைப்படவில்லை, பார்த்தீர்களா. ஆதாரம் இரண்டு காலில் நின்று, கூமுட்டையாக நாறிக்கொண்டிருந்தது.

“ஐயோ, நான் செத்துடுவேனா?”

“ஒரு ஸ்பூனுக்கு ஒண்ணும் ஆகாது. நாளைக்கு வரைக்கும் யாரும் பக்கத்துல வரமாட்டாங்க, அவ்வளவுதான்.”

“எங்க அண்ணிக்கு மட்டும் வித்தியாசமே தெரியாது,” என்றாள் சில்லறை பரிதாபமாக. “கடவுள் கணக்குப் போட்டுத்தான் சேத்து வச்சிருக்கார்.”

ஊசிக்கண் சிரிக்கவில்லை. “பாட்டிலை மாத்துறவன் முழுசா மாத்துவான். திருடுறவன் முழுசா எடுப்பான். எல்லாருக்கும் வர்ற மாதிரி பங்கு போடுறது திருடன் வேலை இல்ல. சோத்தைப் பங்கு போட்டுப் பழகின கை அது.” திரும்பாமலே, “வாம்மா, எவ்வளவு நேரம் படிக்கட்டுலயே நிப்ப?” என்றாள்.

தையல்காரி வந்தாள். அலமாரி கலைந்திருந்ததைப் பார்த்துவிட்டு ஓடிவந்திருக்கிறாள். மார்போடு அணைத்திருந்தது ஜாம் பாட்டில். பின்னால் உப்பு.

“சொல்லிடுவீங்களா அக்கா?”

“முதல்ல நீ எனக்குச் சொல்லு.”

அவள் பாட்டிலைப் பார்த்துக்கொண்டே பேசினாள். “மருந்து ஆரம்பிச்ச கொஞ்ச நாள்லயே என் பொண்ணு மேல வாடை வந்துச்சு. மருந்தோட வாடைதான்னு எங்களுக்கெல்லாம் புரிஞ்சுபோச்சு. டாக்டருங்க ரகசியம் வச்சாங்க, பிள்ளைங்க உடம்பு வைக்கலை. எங்க பக்கத்து அறையில பஸ் ஓட்டுறவரோட சம்சாரம். அவ பையனுக்கு வாடையே இல்ல. தினமும் விடிஞ்சதும் அவன் தலையை மோந்து பாப்பா. நாறணும்னு சாமியைக் கும்பிடுவா. அவன் சோப்பு வாசனைதான் அடிப்பான். ஒரு நாள் வந்து என் பொண்ணைக் கட்டிப்பிடிச்சு, இவ தலையை மோந்து மோந்து அழுதா பாருங்க...” ஊசியைத் தேடுகிற மாதிரி உதட்டைத் தடவினாள். “அதுக்கப்புறம் என் தொண்டையில ஒண்ணும் இறங்கலை. இவளும் கேட்டா, ‘அம்மா, அவனும் நாறட்டுமே’ன்னு. முதல்ல நாங்க ரெண்டு பேர்தான் பங்கு போட்டோம். அப்புறம் எல்லாரும் கேப்சூலை உடைச்சு, கசப்பு தெரியாம இருக்க இந்த ஜாம்ல கலந்துட்டோம். மருந்தோ மாவோ எல்லாம் பொது. எடைக்குத் தக்கபடி ஸ்பூன், ஸ்பூன் மாறாம இருக்க நூல்.”

“உன் பொண்ணுக்கு வர வேண்டியது பாதியாயிடுச்சே.”

“ஆமா,” என்றாள் அவள். பாட்டில் மூடியைத் திருகி இறுக்கினாள்.

மருந்தறையம்மா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

“இப்ப கேளும்மா,” என்றாள் ஊசிக்கண். “நீங்க இதை மறைச்சா நாளைக்கு மருந்து நின்னுடும். ரெண்டு கூட்டமும் ஒரே மாதிரி இருக்கு, அதனால மருந்து வீண்னு கமிட்டி சொல்லப் போகுது.”

தையல்காரியின் முகம் வெளுத்தது. “வீணா? எல்லாப் பிள்ளையும் தேறுதேக்கா!”

“அதை நீதான் வந்து சொல்லணும்.”

“சொன்னா விதியை மீறிட்டோம்னு துரத்திடுவாங்களே.”

“துரத்தலாம். சொல்லாட்டி எல்லாருக்கும் நிக்கும், நிச்சயமா.”

அவள் பிள்ளையைப் பார்த்தாள். பாட்டிலைப் பார்த்தாள். “வாங்க,” என்று அவளே முன்னால் நடந்தாள்.

அவர்கள் அறைக்குள் நுழைந்ததும் டாக்டர் நாற்காலியோடு பின்வாங்கி, முகமூடியை மூக்குவரை ஏற்றிக்கொண்டார். “என்ன நாத்தம் இது?” ரோஜா ‘புஸ், புஸ்’ என்று போராடித் தோற்றது.

“உங்க மருந்துதான் சார்,” என்றாள் சில்லறை, வாயை நன்றாகத் திறந்து. “வருஷக்கணக்கா நீங்க கண்டுபிடிச்சது. இப்பத்தான் முதல் தடவையா அறிமுகம் ஆகுறீங்க போல.”

ஊசிக்கண் இரண்டே வாக்கியத்தில் சொன்னாள். டாக்டர் எழுந்து நின்றார். முகம் சிவந்தது. “என் ஆராய்ச்சியை நாசம் பண்ணிட்டீங்க! விதின்னா என்னன்னு தெரியுமா உங்களுக்கு? இத்தனை பேரையும் இன்னிக்கே வெளிய...”

“அனுப்புங்க,” என்றாள் தையல்காரி. ஜாம் பாட்டிலை அவர் மேசையில் வைத்தாள். “எங்களை அனுப்புங்க. மருந்தை மட்டும் நிறுத்திடாதீங்க. அது வேலை செய்யுதுய்யா. என் பொண்ணு முன்னாடி குடிச்ச தண்ணியில பாதிதான் இப்ப குடிக்கிறா. பாதி மருந்துக்கே இப்படின்னா, முழு மருந்து என்ன செய்யும்னு நீங்கதான் படிச்சவங்க, சொல்லணும்.”

“யாரைக் கேட்டுப் பங்கு போட்டீங்க?”

தையல்காரி சுவரிலிருந்த படத்தைக் காட்டினாள். “நீங்கதானே சொன்னீங்க, ஒரே குடும்பம்னு. ஒரே குடும்பத்துல ஒரு கண்ணுக்கு வெண்ணெய், ஒரு கண்ணுக்குச் சுண்ணாம்பா?”

டாக்டர் படத்தைப் பார்த்தார். தன் பொன்னெழுத்தை அவரே முதல் தடவையாகப் படிக்கிற மாதிரி இருந்தது. சொல்லுகிறவர்கள் பலருக்குத் தாங்கள் சொன்னதைக் கேட்கிற வழக்கம் இல்லை.

மருந்தறையம்மா வாசலிலிருந்து பேசினாள். “நடந்ததை நடந்தபடி கமிட்டிக்கு எழுதணும் சார். ஒரு வரி மறைக்கக் கூடாது. எல்லார் ரத்தத்தையும் இன்னிக்கே எடுத்துப் பாருங்க, மருந்து இருக்கும். அப்ப இது தோத்த ஆராய்ச்சி இல்ல, எல்லாருக்கும் பாதி அளவு குடுத்துப் பாத்த ஆராய்ச்சி. இனிமே ஒரு கூட்டத்துக்குப் பாதி, ஒரு கூட்டத்துக்கு முழுசு. ஒப்பிட்டுப் பாக்கலாம். மாவு யாருக்கும் வேண்டாம்.”

“கமிட்டி என்னைக் கேள்வி கேட்டுக் கொன்னுடும்.”

“அதுக்குத்தானே சார் சம்பளம்,” என்றாள் சில்லறை.

 டாக்டர் உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். பிறகு யாரும் எதிர்பாராத ஒன்றைச் செய்தார். அம்மாவின் பின்னால் ஒளிந்து நின்ற உப்புவிடம் போனார். முகமூடியைக் கழுத்துக்கு இறக்கினார். முழங்காலை மடக்கி, அவள் உச்சந்தலையில் மூக்கை வைத்து முகர்ந்தார்.

“நாறுது,” என்றார். மறுபடி முகர்ந்தார். “வேலை செய்யுது.”

உப்பும் பதிலுக்கு அவர் கழுத்தை முகர்ந்து பார்த்தாள். மரியாதை தெரிந்த பிள்ளை. முகர்ந்துவிட்டு அவளுக்கு ரொம்பக் கவலையாகிவிட்டது.

“உங்க மேல சோப்பு வாசனைதான் டாக்டர் வருது. உங்களுக்கு மருந்து தரலையா? எங்க அம்மாகிட்ட கேளுங்க. பங்கு தருவாங்க.”

அதற்கப்புறம் அந்த அறையில் சற்று நேரம் யாரும் யாரையும் பார்க்கவில்லை. சில்லறைகூட ஜன்னலுக்கு வெளியே ஏதோ அதிசயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள், வெளியே வெறும் சுவர்தான். டாக்டர் தம் மேசையிலிருந்து சாவியை எடுத்து மருந்தறையம்மா கையில் கொடுத்தார். மன்னிப்புக் கேட்கவில்லை, அவ்வளவு பெரிய டாக்டர் ஒரே நாளில் எத்தனைதான் செய்வார்?

மறுநாள் கமிட்டி கூடியது. ரத்தம் சொன்னதைக் கேட்டது, மூன்று கோப்பை தேநீர் குடித்தது, ஆட்சேபித்தது, இருமியது, கடைசியில் ஒத்துக்கொண்டது. ஆராய்ச்சி தொடரும். ஒரு பிள்ளையும் வெளியே போக வேண்டாம். மாவு யாருக்கும் கிடையாது. பாதி அளவைச் சோதித்துப் பார்க்கிற யோசனை தமக்கு எப்படித் தோன்றியது என்று டாக்டர் பிற்பாடு பல மேடைகளில் விளக்கினார். கேட்டவர்கள் கை தட்டினார்கள். தையல்காரிக்கு அந்த மேடைகளைப் பற்றித் தெரியாது. அவளும் பஸ் ஓட்டுகிறவரின் சம்சாரமும் விடிந்ததும் தங்கள் பிள்ளைகளின் தலையை முகர்ந்து பார்த்து, இரண்டும் நாறுகிறது என்று நிம்மதியாக அடுப்பு மூட்டப் போனார்கள்.

சில்லறை? அவள் ஜாம் தின்ற அன்று வீட்டுக்குப் போகும்போது பஸ்ஸில் முழு சீட்டும் அவளுக்கே கிடைத்தது. “துப்பறியும் தொழில்ல இதுவரைக்கும் கிடைச்ச ஒரே சலுகை அண்ணி,” என்றாள். ஊசிக்கண் பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்துகொண்டாள். அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் உட்கார்ந்திருப்பாள் என்றுதான் நான் நினைக்கிறேன்.

சரி கண்ணுகளா, எழுந்து போங்கள், நேரமாகிறது. உங்கள் பிள்ளைகளின் தலையை முகரும்போது எண்ணெயும் வெயிலும் மட்டுமே மணக்கட்டும். உங்கள் வீட்டு மருந்துப் பெட்டியில் தூசி படியட்டும். அப்படியே ஒரு நாள் மருந்து வேண்டிவந்தால், பங்கு போடுகிற கை ஒன்று பக்கத்து அறையில் இருக்கட்டும். உங்கள் அடுக்களையில் ஜாம் பாட்டில் என்றென்றும் ரொட்டிக்காக மட்டுமே திறக்கட்டும்.